கடையோடு போகாத கைராசி

மூன்று வருடத்துக்கு முன்பு, தூத்துக்குடி திரேஸ்புரத்தில் இருந்த என் வலைக்கடையை விற்ற புதிதில் நடந்தது இது. மூட்டுவலி வந்து நாலு எட்டு நடக்க முடியாமல் போனதும், கடையை அதன் பெயரோடு ஒரு தம்பிக்குக் கைமாற்றிவிட்டேன். தாமிரபரணிப் பக்கத்து விவசாயக் குடும்பம். வீட்டை அடகு வைத்துத்தான் கடையை வாங்கினான். ஐந்து வருடத்துக்கு இந்த ஊருக்குள் நேரடியாகவோ மறைமுகமாகவோ வலை வியாபாரம் செய்ய மாட்டேன் என்று பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். எனக்கு இனி எதற்கு வியாபாரம்? சீரியல் பார்க்கவே நேரம் போதவில்லை.

எங்கள் கரையில் ஒரு நம்பிக்கை உண்டு. புதுப் படகுக்கு முதல் வலையை ராசியான கைதான் எடுத்துக் கொடுக்க வேண்டும். என் கை ராசி என்று யார் கிளப்பிவிட்டார்களோ, கடையை விற்ற பிறகும் வலையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்தார்கள். "அக்கா, ஒங்க கையால ஒரு தடவ எடுத்துக் குடுங்க, அது போதும்" என்பார்கள். கொடுத்தேன். ஒரு டீ கூட வாங்கிக் குடித்ததில்லை. சிலர் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

ஒரு மத்தியானம் மீன்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தபோது கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. ஒப்பந்தத்தை மீறி நான் வியாபாரம் செய்கிறேனாம், எனக்குத் தடை போட வேண்டுமாம். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். குழம்பு அடிபிடித்த வாசனைகூட மூக்கில் ஏறவில்லை.

கோர்ட் வராந்தாவில் அந்தத் தம்பியைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டேன். "ஏலே, நான் எங்கன கட வச்சிருக்கேன்? சும்மா கெடக்குதவ மேல கேஸ் போடுதியே, நல்லாருப்பியா?"

அவன் செல்போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினான். துறைமுகம் போகிற ரோட்டில் புதிதாக முளைத்திருந்த இன்னொரு வலைக்கடை. வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பிளெக்ஸ். அதில் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு, கையில் வலையோடு நிற்பது நான்! கீழே, 'இங்கே வாங்குங்கள், கைராசி அக்கா கையால் பெற்றுச் செல்லுங்கள்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

அட பாவிகளா! வாசல் தாண்டாதவளுக்கு ரோட்டில் தொங்குவது எப்படித் தெரியும்? வீட்டுக்கு வந்த வலையெல்லாம் என் பழைய கடையில் வாங்கியவை என்றே நினைத்திருந்தேன். ஒருத்தரிடமாவது எங்கே வாங்கினாய் என்று கேட்டேனா?

"ஒங்க பேர நம்பித்தான அக்கா கடைய வாங்குனேன். இப்ப ஒரு புதுப் படகுக்காரன்கூட உள்ள வர மாட்டங்கான். வீடு முங்கிரும் போலிருக்கு" என்றான்.

ஒரு முழ வலை விற்காமலே நான் சொல் தவறியவளாகியிருந்தேன். இனி யாருக்கும் வலை எடுத்துக் கொடுக்க மாட்டேன் என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்து ஆட்டோ பிடித்து நேரே அந்தக் கடைக்குப் போய், பிளெக்ஸைக் கழற்ற வைத்தேன். அங்கே நான் பேசியதை எழுதினால் பத்திரிகை தாங்காது.

ஆனாலும் கரையில் ஒருத்தரும் அந்தத் தம்பியிடம் போகவில்லை. வயக்காட்டுக் கை கடலுக்கு ஆகுமா என்றார்கள். அந்த நேரத்தில்தான் என் மகன் புதுப் படகு இறக்கினான்.

"எம்மா, என் படகுக்குமா அவன் கை?" என்று குதித்தான்.

"அவன் கையாலதான் வாங்கணும். இல்லன்னா என் மூஞ்சில முழிக்காத" என்றேன். வீராப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, அன்று விடிய விடிய ஜெபமாலை உருட்டினேன். கடலுக்குப் போகிறவன் நான் பெற்ற பிள்ளையல்லவா?

மாதா கோயில் சாமியார் படகை மந்திரித்ததும், எல்லோர் முன்பும் அந்தத் தம்பி வலையை எடுத்துக் கொடுத்தான். நான் என் கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டேன்.

படகு திரும்பியது. சுமாரான மீன்பாடுதான். ஆனால் என் மகன் இறங்கும்போதே கரை முழுக்கக் கேட்கும்படி, "கைன்னா இதுல்லா கை!" என்று கத்தினான். அதன்பிறகு அந்தக் கடையில் புதுப் படகுக்காரர்கள் ஏறினார்கள்.

பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட அன்று நான் கடையை விற்றேன், அவ்வளவுதான். முந்தானைக்குள் கையை மூடிக்கொண்டு நின்ற அன்றைக்குத்தான் அதை நிஜமாகக் கொடுத்தேன் என்று, அடுத்த தெருவில் அந்தத் தம்பி கடை ஷட்டரைத் திறக்கிற சத்தம் வீட்டுக்குக் கேட்கிற ஒவ்வொரு காலையிலும் நினைத்துக்கொள்கிறேன்.