ரெஜினாவின் வாயில் கரி இல்லை

ரெஜினா எப்படிச் செத்தாள் என்று ஆராயாமலே கையெழுத்து வைத்தவன் நான்.

சண்டை முடிந்து, இந்திய அகதி முகாம்களில் இருந்த சனங்கள் இலுப்பைக்கடவைக்குத் திரும்பிய காலம். அந்தப் பகுதிக்குத் திடீர் மரண விசாரணை அதிகாரி நான்தான். எரிந்த உடலென்றால் மன்னாருக்கு, சட்ட வைத்தியரிடம் வெட்டிப் பார்க்க அனுப்பவேண்டும். அவ்வளவுதான் என் கடமை!

அவள் குடியிருந்த தறப்பாள் கூரைக் கொட்டில் பட்டப்பகலில் எரிந்தது. அடுப்பிலிருந்து பற்றியதென்றான் புருஷன். தகப்பனுக்கோ வேறு பயம். மகள் தானே கொளுத்திக்கொண்டாளோ... அப்படியென்றால் கோயில் சேமக்காலையில் அடக்கம் செய்ய விடமாட்டார்கள் என்று நடுங்கினார்.

"வெட்ட அனுப்பாதேங்கோ ஐயா. விபத்தெண்டு எழுதிவிடுங்கோ."

இளகிவிட்டேன். இரக்கமா? வேலை சுருக்கமாக முடிகிறதென்ற சோம்பலா? இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

உடலைப் பார்த்தேன். முகம் கரிந்திருந்தது. ஆனால் திறந்திருந்த வாய்க்குள்ளும் மூக்குக்குள்ளும் ஒரு பொட்டுக் கரி இல்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா?

"புகைகூட உள்ளுக்குப் போகேல்லை. பிள்ளை கஷ்டப்படேல்லை" என்று தகப்பனைத் தேற்றினேன்... பாவி!

அடுத்த வருடம் வெள்ளாங்குளத்தில் இன்னொரு தீ. அந்த உடலோடு மன்னாருக்குப் போனேன். வைத்தியர் மூச்சுக்குழலைத் திறந்து, உள்ளே படிந்திருந்த கரியைக் காட்டினார்.

"நெருப்புக்குள்ள மூச்சு எடுத்திருக்கிறார். கரி இல்லாட்டி, நெருப்புப் பத்த முன்னமே செத்திட்டாரோ எண்டு யோசிக்கவேணும்."

ரெஜினாவின் வாய் நினைவுக்கு வந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். வேலை போய்விடும், ஊர் சிரிக்கும் என்று பயந்தேன். இனித் தோண்டினாலும் எலும்புதான் இருக்கும், தொண்டை இருக்காது. புருஷன் கொன்றானென்று சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. கொல்லவில்லையென்று நம்பவும் முடியவில்லை!

போன மாதம் பாப்பாமோட்டையிலிருந்து ஒருவர் என்னைப் பார்க்கக் கந்தோருக்கு வந்தார். தன் மகளை ரெஜினாவின் புருஷனுக்குக் கலியாணம் பேசியிருக்கிறாராம். கதிரை நுனியில் இருந்துகொண்டு கேட்டார்.

"நீங்கள்தானே ஐயா விசாரிச்சனீங்கள். அவரில ஒரு பிழையும் இல்லைத்தானே?"

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

"விபத்தெண்டுதான் எழுதினனான்" என்றேன்.

மனிதர் நிம்மதியாகக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

இப்போது கோயிலில் அவர்களுடைய கலியாண ஓலை வாசிக்கிறார்கள். தடை தெரிந்தவர்கள் அறிவிக்கவேண்டும் என்று பங்குச் சுவாமி மூன்று ஞாயிறு கேட்பார். இரண்டு ஞாயிறு முடிந்துவிட்டது. இரண்டு முறையும் நான் முன்வரிசை வாங்கில்தான் உட்கார்ந்திருந்தேன்...