மாமாவின் ஹோஸில் ஒரு சாண்

ரீச்சர், தயவு செய்து இதை ஒருவருக்கும் காட்டாதீர்கள். வகுப்புக் குறூப்பில் போடவே வேண்டாம். என் அறைக்கு அடுத்தது மாமாவின் அறை, அவர் இன்னும் நித்திரை கொள்ளவில்லை. போன் வெளிச்சம் வெளியே தெரியாமல் போர்வைக்குள் இருந்து எழுதுகிறேன்.

அந்த மணம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது...

காரின் பின்கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் பெற்றோல் மணம். போன வருடம், நான் பத்தாம் வகுப்பில் இருந்தபோது. முரசுமோட்டையிலிருந்து ஆறு சின்னப் பிள்ளைகளை எங்கள் பழைய காரில் ஏற்றிக்கொண்டு அம்மா கிளிநொச்சிப் பள்ளிக்கூடத்துக்குப் போய் வருவார். அந்த ஓட்டத்தில்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிகிறது.

பிள்ளைகள் தலையிடி என்றார்கள். ஒருத்தி சத்தி எடுத்தாள். ஒரு வெள்ளிக்கிழமை, எங்கள் காரில் வரும் அபியின் அம்மா படலை வாசலில் நின்று சொன்னார்.

“கோவிக்காதேங்கோ அக்கா. திங்கள் வரைக்கும் பாப்பம். அதுக்குப் பிறகும் மணந்தால் எல்லாப் பிள்ளையளையும் பள்ளிக்கூட வானிலதான் விடப்போறம்.”

அம்மா ஓம் என்று மட்டும் சொன்னார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை கராஜ்காரர் காரைக் குனிந்து பார்த்தார். ஒழுக்கு ஒன்றும் இல்லையாம், டாங்கியையே மாற்ற வேண்டுமாம். டாங்கி மாற்றக் காசுக்கு நாங்கள் எங்கே போவது? மாமாவுக்கு எல்லாம் பகிடி.

“பெற்றோல் கார் பெற்றோல் மணக்காமல் பிச்சிப்பூவே மணக்கும்?”

ஆனால் நான் ஒன்றைக் கவனித்திருந்தேன். திங்கட்கிழமைதான் மணம் கூட. வியாழன் வந்தால் அநேகமாக இல்லை. அம்மா பெற்றோல் அடிப்பது ஞாயிற்றுக்கிழமைகளில்.

நாட்டில் பெற்றோல் இல்லாமல் போன கியூ காலம் உங்களுக்கும் நினைவிருக்கும். சனங்கள் நாட்கணக்கில் ரோட்டில் கிடந்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் ஒருவருக்கும் அரை டாங்கியில் நித்திரை வராது. அம்மா காரைக் குலுக்கிக் குலுக்கி, டாங்கியின் கழுத்து வரைக்கும் அடிப்பிப்பார். அந்த ஞாயிறும் அப்படித்தான்.

“அம்மா, பம்ப் தானா நிண்டால் காணும் எண்டு சொல்லுங்கோவன்.”

“நீயே கியூவில நிண்டனி? நான் நிண்டனான். வாயை மூடு.”

பகல் அம்மாவும் மாமாவும் மோட்டார் சைக்கிளில் பளைக்கு ஒரு செத்தவீட்டுக்குப் போனார்கள். கார் வெயிலில் நின்றது. மாமா ஏற்கனவே சொல்லியிருந்தார், வாகனத்தில் கை வைத்தால் கையை முறிப்பேன் என்று. அவருடைய தண்ணீர்ப் பம்பை நான் ஒருமுறை கழற்றிப் பூட்டியபோது ஒரு திருகாணி மிஞ்சிவிட்டது. அது இன்னும் என் பென்சில் பெட்டியில் இருக்கிறது.

முதலில் காருக்குக் கீழே காட்போட் மட்டையை விரித்தேன். ஒரு மணித்தியாலம் கழித்துப் பார்த்தேன். ஒரு சொட்டும் இல்லை. அப்படியென்றால் ஒழுகுவது பெற்றோல் அல்ல, அதன் ஆவி.

பின்சில்லுக்கு மேலே, பெற்றோல் இறங்கும் தடித்த குழாயோடு ஒட்டிக்கொண்டு ஒரு மெல்லிய ஹோஸ் போனது. டாங்கியின் ஆவி போகும் வழி. சைக்கிள் டியூப்பில் ஓட்டை தேடுவதுபோலத்தான்... சவர்க்காரத் தண்ணீரைத் துணியில் தொட்டு மெதுவாகத் தடவினேன். வளைவு வரைக்கும் ஒன்றும் இல்லை. வளைவில் ஒரு குமிழி எழும்பியது. உடைந்தது. இன்னொன்று எழும்பியது.

நகத்தளவு வெடிப்பு! கழுத்து வரைக்கும் அடித்த பெற்றோல், ஆவி போகும் குழாய்க்குள் ஏறி ஏறி, பழைய ரப்பரை ஊதிப் பிளக்க வைத்திருந்தது.

புது ஹோஸுக்கு எங்கே போவது? மாமாவின் அறையில் ஆணியில் தொங்கியது. கியூ காலத்தில் காரிலிருந்து தண்ணீர்ப் பம்புக்குப் பெற்றோல் இழுத்த கறுப்பு ஹோஸ். அதை ஒருவரும் தொடக்கூடாது. அளந்து பார்த்தேன், அதே பருமன். ஒரு சாண் வெட்டினேன்.

முதலே தண்ணீர் கொதிக்கவைத்துச் சுடுதண்ணிப் போத்தலில் ஊற்றி, அடுப்பை நன்றாக அணைத்திருந்தேன். டாங்கி மூடியைத் திறந்தேன், புஸ் என்றது. பழைய துண்டைக் கழற்றி, புதியதன் நுனிகளைச் சுடுதண்ணீரில் தோய்த்து ஏற்றி, கிளிப்பை இறுக்கினேன். மூடியைப் பூட்டி, வெயிலில் டாங்கி மறுபடி சூடேறும்வரை காத்திருந்து, மறுபடி சவர்க்காரத் தண்ணீர்.

ஒரு குமிழியும் இல்லை. இந்த முறை ஆணியும் மிஞ்சவில்லை.

பின்னேரம் மாமா வந்து, கண்ணூறு கழிய என்று காருக்கு முன்னால் தேசிக்காய் வெட்டி வைத்தார்.

திங்கட்கிழமை காலை அபி ஏறினாள், மூக்கைச் சுளித்தாள், பிறகு விட்டாள்.

“அக்கா, இண்டைக்கு மணக்கேல்லை!”

அவளுடைய அம்மா தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார். எங்கள் அம்மா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அழுதார். நான் பின்சீற்றில் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டிருந்தேன்...

ஒரு வருடமாகிவிட்டது. இப்போது அந்தக் காரில் எட்டுப் பிள்ளைகள். திரும்பி வரும்போது நித்திரையாகிவிடுகிறார்கள். பள்ளிக்கூடப் பரீட்சைக்கு என்று பொய் சொல்லி, விஞ்ஞானப் புத்தகத்தைக் காட்டி, பம்ப் நின்றதும் நிறுத்த அம்மாவைப் பழக்கிவிட்டேன். “என்ரை தேசிக்காய் செய்த வேலை” என்று மாமா ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். ஒவ்வொரு முறையும் எனக்கு உண்மை நாக்கு நுனி வரைக்கும் வரும். ஹோஸை நினைத்து விழுங்கிவிடுவேன்.

இன்று பின்னேரம் திரும்பவும் கியூ வரப்போகிறதாம் என்று ரோட்டில் கதை. மாமா ஆணியிலிருந்து ஹோஸை எடுத்ததை நான் கண்டேன். அதுதான் நித்திரை வரவில்லை.

மாமா கதவில் தட்டுகிறார்.

“பிள்ளை! இந்த ஹோஸ் ஏன் ஒரு சாண் கட்டையாக் கிடக்கு? ஆர் வெட்டினது?”

காட்ட வேண்டாம் என்று சொன்னேன் அல்லவா? காட்டினாலும் பரவாயில்லை. அந்த ஒரு சாண் காரில் எங்கே இருக்கிறது என்று நானே அவருக்குக் காட்டப்போ