பத்துக் கூடை எரு

பச்சைத் தேயிலை விலை விழுந்த வருடம் எஸ்டேட்டில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை கொடுத்தார்கள். மீதி நாட்களுக்காக, பிக்கட்டிப் பக்கம் ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்துக் கேரட் போட்டேன். பக்கத்து நிலத்தில் பூண்டு போட்டிருந்த அக்கா கணவரை இழந்தவர், தனி ஆள். எனக்குத் தண்ணீர் இல்லை என்று தெரிந்து, நான் கேட்காமலே தன் குழாயை என் பக்கம் இழுத்துவிட்டார். அந்தப் பூண்டு போய்விட்டால் நிலத்தை விட்டுவிட்டு மேட்டுப்பாளையத்தில் தம்பி வீட்டில் போய் ஒண்டவேண்டியதுதான் என்று ஒருநாள் சொன்னார்.

மழை விட்டதும் என் பாத்தியில் மூன்று இலைச் செடி ஒன்று முளைத்தது. துவையலுக்குப் பறிக்கிற புளியாரைதானே என்று மண்வெட்டியால் கொத்தித் தள்ளினேன். தேயிலைக்கு அடியில் களையை வெட்டி அங்கேயே மக்கவிட்டுப் பழகிய கை. கொத்தியதை எல்லாம் எருக்குழியில் போட்டேன். எரு மக்கியதும், தண்ணீர் கொடுத்த அக்காவுக்கு ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்கலாமா என்று பத்துக் கூடை சுமந்துபோய் அவர் நிலத்தில் கொட்டினேன். என்ன பெருமை எனக்கு!

கொத்தக் கொத்த அந்தச் செடி பெருகியது. அக்காவின் பூண்டுக்குள்ளும் அதே செடி மண்டிக் கிடப்பதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் களை எடுக்காமல் விட்டுத்தான் என் நிலம் பாழாகிறது என்று எஸ்டேட்டில் எங்கள் லைன் வீடு பூராவும் சொல்லித் திரிந்தேன். எனக்கு வாய் எப்போதும் கொஞ்சம் நீளம்தான்.

ஒருநாள் காலையில் ஒரு செடியை மண்ணோடு தோண்டி எடுத்துப் பார்த்தேன். துவையல் புளியாரை மஞ்சளாகப் பூக்கும். இது ரோஸ் நிறம். அடியில் சின்ன வெங்காயம் போல ஒரு கிழங்கு, அதைச் சுற்றிக் குட்டிக் கிழங்குகள். விரல் பட்டாலே உதிர்ந்தன. நான் மண்வெட்டியால் கொத்திய ஒவ்வொரு முறையும் அவற்றை நிலம் பூராவும் இறைத்திருக்கிறேன். எருக்குழியிலும் அவைதான் கிடந்தன. அதைத்தான் பத்துக் கூடை சுமந்துபோய் அக்காவின் நிலத்தில் கொட்டியிருக்கிறேன்.

நேரே அவரிடம் போனேன். பூண்டுப் பாத்தியில் குந்தி உட்கார்ந்து, பழைய கரண்டியால் ஒவ்வொரு செடியையும் கிழங்கு சிதறாமல் மண்ணோடு தோண்டி டின்னில் போட்டுக்கொண்டிருந்தார். பாறைமேல் காயவைத்து எரிக்கத்தான். என் எருவில் வந்த வினை இது என்றேன். அவரைப் பழித்துப் பேசியதையும் மறைக்காமல் சொன்னேன்.

"தெரியும் கண்ணு," என்றார். "ரெண்டாவது கூடையிலயே கெழங்கப் பாத்துட்டேன்."

"அப்புறம் ஏனுங்கக்கா மிச்சத்தையும் கொட்ட விட்டீங்க?"

கரண்டியைத் துடைத்தபடி சொன்னார்: "ஊட்டுக்காரர் போனதுக்கப்புறம் எனக்குன்னு ஒருத்தர் சொமந்துட்டு வந்தது அதுதான் மொதல் தடவ. எப்படி வேண்டாங்கறது?"

வீட்டுக்குப் போய் ஒரு கரண்டியை எடுத்துவந்தேன். என் கேரட்டை அப்படியே விட்டுவிட்டு, அவர் பூண்டுப் பாத்தியின் மறுகோடியில் உட்கார்ந்து தோண்டத் தொடங்கினேன்.