மறைக்கப்பட்ட இருபது மணித்தியாலங்கள்

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, சாம்பல்தீவில் எங்கள் கிணற்றடியில் உடுப்புப் பிழியக் குனிந்தபோது வலி தொடங்கியது. இடப்பக்கம், அடிவயிற்றில், ஒரே இடத்தில். மாதவிடாய் வலியை நான் அறிவேன். அது மெல்ல வந்து இடுப்பெங்கும் பரவும். இது ஒரே கணத்தில் வந்தது. அங்கேயே வாந்தியெடுத்தேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போவம், அம்மா."

"போனா ஸ்கான் எடுக்க எண்டு பிள்ளைத்தாச்சிகளோட இருத்துவினம். கலியாணம் பேசிற நேரத்தில அங்க உன்னைக் கண்டவை என்ன கதைப்பினம்?"

ஆகவே, எங்களை எவரும் அறியாத இடமென்று பாலையூற்றில் ஒரு டிஸ்பென்சறிக்குக் கூட்டிப்போனார். வைத்தியர் என்னிடம் கேட்டவற்றுக்கெல்லாம் அம்மாவே பதில் சொன்னார்: "மாதாமாதம் வாறதுதான், டொக்டர்." வைத்தியர் என் வயிற்றைத் தொட்டும் பார்க்கவில்லை, ஊசி போட்டு அனுப்பினார். வலி தணிந்தது. "பாத்தியே?" என்றார் அம்மா. நானும் வாயை மூடிக்கொண்டேன். அந்த மௌனத்தை அடக்கம் என்று புகழ்ந்து வளர்த்தவர்கள் அனைவர்மீதும் எனக்கு இன்றும் கோபம் உண்டு.

கருமுட்டை தரும் சூலகம் முறுகினால் வலி வந்து வந்து போகும். தணிந்தால் குணமாகிவிட்டது என்று பொருளல்ல. இதைப் பிறகுதான் அறிந்தேன்.

ஞாயிறு விடியலில் வலி திரும்பியது, நிமிர முடியவில்லை. அம்மாவைக் கேளாமல் நானே ஓட்டோவை அழைத்தேன். ஆறு மணிக்கு வைத்தியசாலையில் இருந்தோம்.

"எப்ப தொடங்கினது?" என்று கேட்டார் பெண் வைத்தியர்.

"இப்ப, விடியத்தான்," என்றார் அம்மா.

"இல்லை. நேற்றுக் காலை பத்து மணிக்கு."

வைத்தியர் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "இனி பிள்ளை கதைக்கட்டும்."

ஸ்கானில் தெரிந்தது: இடது சூலகத்தில் ஒரு நீர்க்கட்டி; அதன் பாரத்தில் சூலகம் தன் காம்பிலேயே சுற்றி, இரத்த ஓட்டத்தை நெரித்திருந்தது. "உடனே ஒப்பரேஷன் செய்யவேணும், தங்கச்சி. முறுக்கை எடுத்துவிட்டா, கறுத்துப்போன சூலகமும் அநேகமாப் பிழைக்கும். ஆனா இவ்வளவு நேரம் போட்டுது..."

என்னுடையது பிழைக்கவில்லை. முறுக்கை அவிழ்த்த பின்னும் உயிர் திரும்பாமல் அது சிதையத் தொடங்கியிருந்ததால், வெட்டியெடுத்துவிட்டார்கள்.

மறுநாள், மற்றச் சூலகம் நன்றாக இருக்கிறது, பிள்ளை பெற அது போதும் என்று வைத்தியர் விளக்கினார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "டொக்டர், அட்டையில அப்பெண்டிக்ஸ் எண்டு எழுத ஏலாதோ?"

அடுத்த கட்டிலில் கிடந்த கிண்ணியாப் பெண் சிரித்துவிட்டார். "ஏன் அக்கா, அப்பெண்டிக்ஸ் எண்டா மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஓமெண்டுவாங்களோ?"

வைத்தியர் சிரிக்கவில்லை. "ஏலாது. மற்றதிலயும் வலி வந்தா, பாக்கிற டொக்டருக்கு இது தெரியவேணும்," என்றபடி அட்டையை அம்மாவிடம் நீட்டினார். நான் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

"கேக்கிறவைக்கு என்னத்தைச் சொல்லுறது?" என்றார் அம்மா.

"சூலகம் முறுகினது, நீங்கள் என்னை ஒருநாள் ஒளிச்சு வைச்சீங்கள், வெட்டி எடுத்தாச்சு எண்டு சொல்லுங்கோ."

"மெல்லக் கதை, பிள்ளை. சனம் கேக்கும்."

முழுவதையும் இன்னொரு முறை, வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.