பாதியில் விலகியவர்கள்

அந்தப் பெண்ணுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அவளுடைய அக்கா பூச்சி பூச்சி என்று கூப்பிட்டதில், தபால்காரர் வரைக்கும் அவள் பூச்சியாகிவிட்டாள். புத்தகத்தை அரிக்கிற பூச்சி. கோபித்துக்கொள்ளவும் வழியில்லை, ஏனென்றால் அது உண்மை. தட்டுக்குப் பக்கத்தில் அச்சடித்த தாள் ஒன்று கிடந்தால்தான் அவளுக்குச் சாப்பாடு இறங்கும்.

பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். ஆராய்ச்சி என்றதும் கண்ணாடிக் குழாயும் புகையும் என்று நினைத்துவிட வேண்டாம். அவள் வேலை முழுக்க வாசிப்பு. மூட்டு வலிக்குப் புதிதாக வந்த ஒரு மாத்திரையைப் பற்றி யார் யார் எங்கெங்கே சோதித்து என்னென்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடிப்பிடித்து, எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று பிரித்து, கடைசியில் ஒரே கட்டுரையாகச் சொல்ல வேண்டும். இலக்கிய மீளாய்வு என்று அதற்குப் பெயராம். இலக்கியம் என்ற சொல்லைக் கேட்டதும் அத்தான், நல்ல கதையாக இருந்தால் எனக்கும் ஒன்று கொடு என்று கேட்டுவிட்டார். பஸ் ஓட்டுகிற மனிதர், பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

கட்டுரைகள் மலைமலையாக வந்து விழும். அத்தனையையும் ஒருத்தி படித்து மாளாது. அதனால் ஒரு சல்லடை வைப்பார்கள். எது உள்ளே, எது வெளியே என்று முதலிலேயே விதி எழுதிக்கொள்வார்கள். பூச்சி எழுதிய விதிகளில் ஒன்று இது: சோதனை முடியும்போது மிகக் கொஞ்சம் பேரே மிஞ்சியிருந்தால் அந்தக் கட்டுரை வெளியே. விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களை வைத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் மருந்து சொல்ல முடியுமா? பேராசிரியரும் தலையாட்டினார். எல்லோரும் வைக்கிற விதிதான் என்றார். எல்லோரும் செய்கிறார்கள் என்பதற்காக ஒரு காரியம் சரியாகிவிடுமா என்று நான் கேட்டால், எனக்கு ஒன்றும் தெரியாது என்பார்கள். இருக்கட்டும்.

பூச்சி தங்கியிருந்தது அக்கா வீட்டில். அதன் முன்னறையில் அக்கா தையல் கடை வைத்திருந்தாள். பள்ளிச் சீருடை, சட்டை, கால்சட்டை, திரைச்சீலை எல்லாம் வரும். கை நேர்த்தி, வாய் அதைவிட நேர்த்தி. நூல் இம்மி பிசகினாலும் பிரித்துப் போட்டுவிட்டு மறுபடி தைப்பாள். தைத்து முடிக்கும்வரை துணிக்காரர், நூல்காரர், அத்தான், பூச்சி என்று ஒருவரையும் விட்டுவைக்க மாட்டாள். அளவு கொடுக்க வந்தவர்களுக்கு வயிற்றை உள்ளிழுக்க வேண்டாம், தைத்த பிறகு வயிறு எங்கே போகும் என்பாள். திட்டு வாங்கவே வருகிறார்களோ என்கிற அளவுக்குக் கூட்டம்.

அந்த விரல்களில்தான் வலி வந்தது. கணுவெல்லாம் வீங்கி, ஊசியில் நூல் கோக்க முடியாமல் போயிற்று. டாக்டரம்மா எழுதிக்கொடுத்தது பூச்சி படித்துக்கொண்டிருந்த அதே மாத்திரை. அக்கா அட்டையைக் கொண்டுவந்து அவள் மேசையில் போட்டாள்.

"இதத்தானே ராப்பகலா படிக்கிற? சாப்பிடலாமா, சொல்லு."

"சாப்பிடுக்கா. நான் பார்த்த வரைக்கும் எல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்காங்க."

"நீ பார்த்ததுல பாதி கண்ண மூடிக்கிட்டு பார்த்தது" என்று சொல்லிவிட்டு அக்கா மாத்திரையை விழுங்கினாள். டாக்டர் சொன்னதற்காக அல்ல, தங்கை சொன்னதற்காக.

வீக்கம் வடிந்தது. மிஷின் மறுபடி ஓடியது. வலியோடு சேர்ந்து அக்காவின் கோபமும் வடிந்தது. அத்தான் நேரம் கழித்து வந்தாலும் ஒன்றும் சொல்வதில்லை. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தபோது, பரவாயில்ல என்று துடைத்துவிட்டுப் போனாள். அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. இந்த மாத்திரையைக் கண்டுபிடித்தவனுக்குக் கோயில் கட்டலாம் என்று பூச்சியிடம் ரகசியமாகச் சொன்னார். அவளும் சிரித்தாள். வலி விட்டால் மனிதருக்கு மனம் லேசாகும், அதுதானே இயல்பு.

பிறகு ஒருநாள் ஒருவர் கால்சட்டையைத் திருப்பிக் கொண்டுவந்தார். ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை. பூச்சி அறைக்குள்ளிருந்து, இதோ ஆரம்பிக்கப்போகிறாள் என்று காத்திருந்தாள். அக்கா அந்தத் துணியைப் பார்த்தாள். பரவாயில்ல என்றாள். அவர் அசடு வழியச் சிரித்துவிட்டு, கால்சட்டையை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். பூச்சிக்கு ஏதோ உறுத்தியது. என்னவென்று பிடிபடவில்லை.

அந்த வாரந்தான் பேராசிரியர், ஒதுக்கிய கட்டுரை ஒவ்வொன்றுக்கும் ஒதுக்கிய காரணத்தை ஒரு வரியில் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். அதுவும் அந்த வேலையில் ஒரு முறை. பூச்சி சலித்துக்கொண்டே, வெளியே தள்ளியவற்றை ஒவ்வொன்றாகத் திறந்தாள். இறுதியில் ஆட்கள் குறைவு. அடுத்ததும் இறுதியில் ஆட்கள் குறைவு. அதற்கடுத்ததும் அதேதான். அதையே எழுதி எழுதிக் கை தயங்கியது. இந்தச் சோதனைகள் எல்லாம் தொடங்கும்போது நிறையப் பேரோடுதான் தொடங்கியிருந்தன. அப்படியானால் அவர்கள் எங்கே போனார்கள்?

ஒவ்வொரு கட்டுரையிலும் அதற்கு ஒரே வரிதான் இருந்தது. சொந்தக் காரணங்களால் விலகினர். வேறு வேறு நாட்டில், வேறு வேறு ஆட்கள் எழுதியது. ஒருவர் பார்த்து ஒருவர் எழுதியதுபோல் அதே வரி. அவள் உள்ளே சேர்த்திருந்த பெரிய கட்டுரைகளையும் புரட்டினாள். அங்கேயும் அந்த வரி இருந்தது. பெரிய கூட்டத்தில் போனவர்கள் தெரியவில்லை, அவ்வளவுதான். எத்தனையோ முறை அந்த வரியைக் கடந்து போயிருக்கிறாள். அதை யாரும் நின்று படிப்பதில்லை. கதவு திறந்திருந்தால் வெளியே போனவன் வீட்டுக்குத்தான் போயிருப்பான் என்று நாம் எண்ணிக்கொள்வதில்லையா, அதுபோல.

ஒரே ஒருவர் மட்டும், விலகிய ஒரு சில நாளுக்குள், விலகியவர்களின் வீட்டுக்கே போய்ப் பார்த்திருந்தார். மிகச் சின்னக் கட்டுரை. பூச்சி தலைப்பை மட்டும் பார்த்துத் தள்ளியிருந்தாள். விலகியவர்கள் எல்லோரும் நன்றாக நடந்தார்கள், கை காலை மடக்கினார்கள், முகத்தில் நிம்மதி இருந்தது என்று அவர் எழுதியிருந்தார். ஒரு வீட்டில் கூரை ஒழுகி, படுக்கை நனைந்து கிடந்தது. ஒருத்தி வேலைக்குப் போவதை விட்டிருந்தாள். ஏன் மருந்து வாங்க வரவில்லை என்று கேட்டதற்கு எல்லோரும் சொல்லிவைத்ததுபோல் ஒரே பதிலைச் சொன்னார்களாம். பரவாயில்லை.

பூச்சி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். முன்னறையில் மிஷின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பகல் வெளிச்சம் ஜன்னல் வழியாக நன்றாக விழுந்திருந்தது, அதனால் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. அக்கா வெள்ளைச் சட்டை ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தாள். சட்டையில் சிவப்பாக ஒரு கோடு ஓடியிருந்தது. ஊசி விரல் நுனியில் இறங்கியிருக்கிறது. விரலைத் துணியோடு சேர்த்து நகர்த்திக்கொண்டே போகிறாள்.

பூச்சி பாய்ந்து மிஷினை நிறுத்தினாள். "அக்கா, விரலப் பாரு. வலிக்கலையா உனக்கு?"

அக்கா விரலைப் பார்த்தாள். "வலிக்குது" என்றாள். குரலில் ஒன்றுமில்லை. "பரவாயில்ல, விடு."

மாத்திரை அன்றைக்கே நின்றது. டாக்டரம்மா முதலில் நம்பவில்லை, அப்புறம் நிறுத்துவதில் தவறில்லை என்றார். பேராசிரியர் கெட்டவர் அல்ல. பூச்சி சொன்னதைக் கவலையோடுதான் கேட்டார், கவலையோடுதான் மறுத்தார். "உங்க அக்கா ஒருத்தி, அந்தக் கட்டுரையில ஒரு கைப்பிடி ஆளு. இத வச்சு என்னத்த எழுத முடியும், சொல்லும்மா?" விதி நீ எழுதியது, பாதியில் மாற்றக்கூடாது என்றும் சொன்னார். அதுவும் அந்த வேலையின் ஒழுங்குதான்.

பூச்சிக்கு அப்போது பட்டமும் வேண்டாம், கட்டுரையும் வேண்டாம். தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: மாத்திரையை விட்டுவிட்டால் பழைய ஆளாகத் திரும்பி வருவார்களா? அந்தச் சின்னக் கட்டுரையில் அதற்கு விடை இல்லை. எழுதியவருக்கே மின்னஞ்சல் போட்டாள். அக்காவைப் பற்றி எதையும் சொல்லாமல், ஒரு மாணவி கேட்பதுபோல்தான் கேட்டாள். பதில் உடனே வந்தது. வணக்கம்கூட இல்லை. "உங்கள் வீட்டில் யார்? அவர் கடைசியாகக் கோபப்பட்டது எப்போது?" இவள் பதறிப்போய் எல்லாவற்றையும் எழுதி அனுப்பினாள். அதற்கப்புறம் அங்கிருந்து ஒரு சொல் வரவில்லை.

மாத்திரை நின்றதும் வீக்கம் திரும்பியது. பூச்சிக்கு அதைப் பார்த்து உள்ளுக்குள் ஒரு சந்தோஷம், சொல்லவே கூசுகிறது. வலி வந்தால் பின்னாலேயே வசவும் வரும் என்று நம்பினாள். வரவில்லை. அத்தானும் வம்புக்கு இழுத்துப் பார்த்தார். செருப்போடு அறைக்குள் நடந்தார், வேண்டுமென்றே கரண்டியைக் கீழே கீழே போட்டார். அக்கா எடுத்துக் கழுவி வைத்தாள். மனிதர் பின்வாசலில் போய் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

துணி வெட்டுகிற கத்தரியால் காகிதம் வெட்டக்கூடாது. முனை மழுங்கிவிடும். தையல்காரர் வீட்டில் குழந்தை நடக்கத் தொடங்கும் முன்பே தெரிந்துகொள்கிற சங்கதி அது. ஒரு காலைநேரம் பூச்சி தன் மீளாய்வின் தாள்களை அள்ளிக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். அக்காவின் பெரிய கத்தரியை, யாரும் தொடக்கூடாத அந்தக் கத்தரியை, எடுத்தாள். அக்கா முகத்துக்கு நேரே நின்று முதல் தாளை வெட்டினாள். கத்தரி கரகரவென்று கத்தியது.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். கண் கத்தரியில் நின்றது. பூச்சி அடுத்த தாளை எடுத்துக் கோணலாக வெட்டினாள். திட்டேன் அக்கா, ஒரு வார்த்தை திட்டேன் என்று மனத்துக்குள் கெஞ்சினாள். அக்கா மெல்ல எழுந்தாள். வீங்கிய விரலை நீட்டினாள். தங்கைக்கு வெட்டுவதற்குத் தோதாக, தாளின் மறுமுனையை இழுத்துப் பிடித்துக்கொடுத்தாள்.