முதலிடம் பிடித்தவர்

பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஓர் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறேன். லாரியிலிருந்து இறக்கும் ஒவ்வொரு மூட்டையையும் தராசில் வைத்ததும், அங்கிருக்கும் பெட்டியில் எங்கள் அட்டையைத் தட்ட வேண்டும். அந்தக் கணக்கு கணினிக்குப் போகும். கூலி அதை வைத்துத்தான்.

எங்களில் ஒருவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆகியிருந்தது. எனக்கு அண்ணன் முறை. கனம் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதலாளிக்குத் தெரிந்தால் நிறுத்திவிடுவார். அதனால் அண்ணன் பிரிந்த மூட்டைகளைத் தைப்பார், சிந்தியதைக் கூட்டுவார். அவர் அட்டை தராசுக் கம்பியில் தொங்கும். நாங்கள் தூக்கிய மூட்டைக்கு அவ்வப்போது அவர் அட்டையைத் தட்டுவோம். யார் எவ்வளவு தட்டினார்கள் என்று பேசிக்கொள்வதில்லை. செய்ததைச் சொல்லிக்காட்டுவது எங்களுக்குள் அசிங்கம்.

சம்பா அறுவடையின்போது முதலாளியின் மருமகன் சென்னையிலிருந்து வந்தார். அதுவரை முதலாளி இணையப் பக்கத்தில் அன்றன்றைய மொத்தத்தை மட்டுமே பார்ப்பார்; ஆள்வாரிக் கூலியைக் கணினியே போட்டுவிடும். மருமகன், காசில்லாமல் யாரும் எடுத்துக்கொள்ளக்கூடிய, கணக்கில் கேட்டதைத் தேடிச் சொல்லும் ஒரு மென்பொருளை லேப்டாப்பில் போட்டு, கணக்கு இருந்த இணைய முகவரியோடு அதை இணைக்கப் பார்த்தார். சோதிப்பதற்காக அட்டை தட்ட என்னைக் கூப்பிட்டார்கள். நான் தட்டுவேன். திரையில் சிவப்பாக ஏதோ வரும். அவர் உதட்டைப் பிதுக்குவார். முகவரியின் கடைசியில் இருந்த எண்ணை மாற்றினார், கடவுச்சொல்லை மறுபடி அடித்தார். அடுத்து நான் தட்டியதும் திரையில் என் பெயர் வந்து நின்றது.

"இனிமே எது வேணாலும் கேக்கலாம் மாமா" என்றார்.

இந்த அறுவடையில் யார் அதிகம் தூக்கியது என்று கேட்கச் சொன்னார் முதலாளி. அண்ணன் பெயர் முதலில் வந்தது.

அண்ணன் ஊசியும் சணலுமாக உட்கார்ந்திருப்பதை முதலாளி தினமும் பார்க்கிறவர்தான். சிரித்தார். எல்லாரையும் தராசுக்கு வரச் சொன்னார். பரிசு தரப்போகிறார்கள் என்று யாரோ சொல்லி, அண்ணன் சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டே வந்தார்.

"நீதான் நம்பர் ஒன்னாம்ப்பா. ஒரு மூட்டை தூக்கிக் காட்டு. மாப்பிள்ளை பாக்கணுங்கறாரு."

மாப்பிள்ளை அப்படிக் கேட்கவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. போனை எடுத்து வீடியோ பிடித்தார்.

தட்டியது நாங்கள் என்று சொன்னால் எல்லாருக்கும் வேலை போகும்.

அண்ணன் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுக் குனிந்தார். முதுகில் ஏற்றிவிட ஓர் ஆள் வேண்டும். முதலாளி என்னைக் கைகாட்டினார். ஏற்றிவிட்டேன்.

தராசை எட்டுவதற்குள் அவருக்கு முழங்கால் மடங்கியது. மூட்டை விழுந்து பிரிந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நெல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அள்ளி வச்சிட்டு, அட்டையக் குடுத்துட்டுப் போ" என்றார் முதலாளி.

"நல்லா வேலை செய்யுது மாமா" என்று மருமகன் லேப்டாப்பை மூடினார்.

அண்ணன் ஒரு கையாலேயே அள்ளினார். உதவப் போன ஒருவனை முதலாளி பெயர் சொல்லித் திருப்பி அழைத்தார். கடைசி நெல்மணி வரை அள்ளி முடித்து, அட்டையை மேசையில் வைத்துவிட்டு அண்ணன் வாசலுக்கு வந்தார். அங்கே நின்ற என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"ஆளாளுக்கு இவ்ளோ தட்டியிருக்க வேணாம்டா தம்பி. பாதி தட்டியிருந்தாக்கூட பொழச்சிருப்பேன்."