பழைய காலைக் கொடுத்தால் புதிய கால்

ஊரிகம் தங்கச் சுரங்கத்தில் நான் மரப்பட்டறை மேஸ்திரியாக இருந்தபோது, ஒருநாள் காலை ஊன்றுகோலோடு ஒருவன் வந்தான். எங்கள் மரக்குவியல் மேல் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தான். பெயர் முனுசாமி, வேலூர்ப் பக்கம். பர்மா சண்டைக்குப் போன சிப்பாய். வலது காலில் முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை.

"இன்னாப்பா சிரிப்பு?"

"அழுது பாத்துட்டேன் மேஸ்திரி, ஒண்ணும் நடக்கல."

அவன் வேலை கேட்டு வந்திருந்தான். சுரங்கத்துக்குள் இறங்கும் சாஃப்ட் குழியின் வாயில் மணி அடிக்கும் வேலை காலியாக இருந்தது. ஒரு கை, ஆட்களை இறக்கும் கேஜ் கூண்டின் கதவுக்கு, மறு கை மணிக்கயிற்றுக்கு. ஊன்றுகோலுக்கு மூன்றாவது கை ஏது? "கட்டைக்கால் போட்டுகினு திங்கக்கிழமை வா, இல்லேன்னா வேற ஆள்" என்று சுரங்கத் துரை அவனிடம் சொல்லிவிட்டார். வேலை கிடைத்தால் கம்பெனி கொடுக்கும் லைன் வீடும் உண்டு. மாமனார் வீட்டில் விட்டிருந்த பெண்டாட்டியைக் கூட்டி வரலாம். அவனுக்கு அதுதான் எல்லாம்.

கட்டைக்காலுக்காக ஏற்கெனவே பெங்களூர் பட்டாள ஆபீசுக்கு நடையாய் நடந்திருக்கிறான். அங்கே குமாஸ்தா சொன்னதை நடித்தே காட்டினான்.

"பழைய காலைக் குடுத்துட்டு புதுசு வாங்கிக்கோப்பா."

"பழைய கால பர்மாவுல பொதச்சிட்டாங்க, ஐயா."

"யோவ், கட்டைக்காலைச் சொல்றேன். முதல் கால் ரங்கூன் ஆஸ்பத்திரியில குடுக்கணும். இங்க மாத்தித் தர்றது மட்டும்தான்."

"அங்க குடுக்கலியே, ஐயா."

"அப்போ எதை மாத்துறது?"

பட்டறையே சிரித்தது. எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. சர்க்காருக்காகக் காலை இழந்தவனிடம் பேசுகிற பேச்சா இது?

"பழைய கால்தானே வேணும்? நானே செஞ்சி தரேன்" என்றேன்.

நல்ல தேக்குத் துண்டு ஒன்று கிடந்தது. அறுந்த மெஷின் பெல்ட்டின் தோல், காலைக் கட்டும் வாருக்கு ஆயிற்று. அளவெடுத்து அறுத்து, இழைத்து, மாட்டிவிட்டேன். எழுந்து நின்றவன் ஒரு பக்கமாகச் சாய்ந்தான். பட்டறைப் புத்தி! சுரங்கத்துக்குள் பாறையைத் தாங்கும் முட்டுமரத்தை அளவைவிட ஒரு விரல் கூடுதலாகவே அறுப்போம். சம்மட்டியால் அடித்தால் இறுகி நிற்கும். அந்தப் பழக்கத்தில் காலையும் அப்படியே அறுத்திருக்கிறேன்.

"மேஸ்திரி, மேல இருக்கறது பாறை இல்ல, என் தொடை! சம்மட்டிய எடுத்துடாத!"

சிரித்துக்கொண்டே அந்த ஒரு விரலை இழைத்துக் குறைத்தேன். மறுபடி நின்றான். நேராக நின்றான். ஊன்றுகோலை எறிந்துவிட்டு பட்டறையைச் சுற்றி வந்து எனக்கு ஒரு பட்டாள சலாம் வைத்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

திங்கட்கிழமை மணிக்கயிறு அவன் கைக்கு வந்தது. லைன் வீட்டில் அடுப்பு புகைந்தது.

லீவு கிடைத்ததும், சர்க்கார் கால் எப்படித்தான் இருக்கும் பார்ப்போம் என்று பெங்களூர் போனான். குமாஸ்தா என் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம்.

"இது நல்லா இருக்கே. நல்லா இருக்கறதை மாத்த ரூல் இல்ல."

"ரொம்ப சந்தோஷம் ஐயா, இத நானும் குடுக்கறதா இல்ல" என்று வாரைக் கட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறான். குமாஸ்தா பின்னாலேயே வாசல்வரை வந்து, குரலைத் தாழ்த்தி, "யாருப்பா செஞ்சது?" என்று கேட்டாராம்.

அதற்குப் பிறகு எங்கள் பட்டறைக்கு ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். பாலாறு தாண்டி, சித்தூர் தாண்டி, எங்கெங்கிருந்தோ கால் போன சிப்பாய்கள். யார் அனுப்பினார்கள் என்று கேட்டால் ஒரே பதில்தான்.

"பட்டாள ஆபீசு குமாஸ்தா ஐயா. ஊரிகம் போயி மொதல்ல ஒரு பழைய கால் வாங்கிகினு வான்னாரு."

பட்டறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பாறைக்கு அறுக்கும்போது ஒரு விரல் கூட வை. மனுஷனுக்கு அறுக்கும்போது அவனை நிற்க வைத்துப் பார்த்து அறு. நாங்கள் செய்து கொடுத்த பழைய கால்களில் ஒன்றைக்கூட யாரும் மாற்றப் போகவில்லை.